டைபாய்டு

கனடா மெடிக்கலுக்குப் போவதற்கு இருபது நாட்கள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, எனக்கு முன்பு டிபி இருந்தது என்று மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி ஆறு வருடங்கள் முடிந்திருந்தன. மகளுக்கு நான்கு வயது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ?”

“2008ல. காலேஜ் செகண்ட் இயர். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். முழுசா சரியாயிடுச்சு.”

“பாப்பாவுக்கு?”

“அதெல்லாம் ஒண்ணும் வராது. நீ வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே முடிஞ்ச கதை.”

“சரி. இப்போ ஏன் சொல்றீங்க?”

“ஃபார்ம்ல கேக்கறாங்க.”

மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அப்போ கனடாக்காரன் கேட்டதாலதான் எனக்குத் தெரியுது” என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒருவனுடைய உடம்பில் முன்பு என்ன நடந்தது என்பதை அறியும் உரிமை யாருக்கு இருக்கிறது? எந்த வரிசையில் இருக்கிறது? ஒட்டாவாவில் முகம் தெரியாத ஓர் அதிகாரிக்கு நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்த விஷயத்தை, ஒரே போர்வைக்குள் தூங்குகிற ஒருத்தியிடம் ஆறு வருடம் சொல்லாமல் இருந்தது எப்படி? வெட்கம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று தோன்றுகிறது.

*

2008இல் எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு மாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எட்டுக் கிலோ எடை போயிற்று. சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் பெயர் எழுதிய ஒரு சிவப்பு அட்டைப்பெட்டியை ஒதுக்கினார்கள். ஆறு மாத மாத்திரையும் அதற்குள் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், சுகாதாரப் பணியாளர் முன்னால் நின்று விழுங்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. மாத்திரை போட்ட அன்றைக்குச் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பில் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் முதல்நாள் நான் செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

அம்மா முதல் வாரத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தாள். இது டைபாய்டு. அக்கம்பக்கம், சொந்தம், என் கல்லூரி நண்பர்கள், எல்லோருக்கும் டைபாய்டு. நல்ல தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும். டைபாய்டு ஒரு கௌரவமான நோய். உடம்பு இளைக்கும், முடி கொட்டும், படிப்பு ஒரு செமஸ்டர் கெடும், பிறகு போய்விடும். கேட்பவர்கள் இளநீர் வாங்கிக்கொண்டு வருவார்கள். டிபி என்றால் தம்ளரை மாற்றுவார்கள். வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கச்சி இருந்தாள். சிகிச்சை முடிந்து கிருமி இல்லை என்று எழுதிக்கொடுத்த அன்றைக்கு, அம்மா என்னுடைய சிகிச்சை அட்டையை நான்காகக் கிழித்து விறகடுப்பில் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பின்னால் யோசிக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. தமிழில் ‘அவனுக்கு டிபி’ என்று சொன்னால் அந்த வாக்கியத்தில் வினை கிடையாது. வினை இல்லாததால் காலமும் கிடையாது. இருந்ததா, இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் மாட்டார். ‘அவர் சுகர்’, ‘அவள் ஹார்ட் பேஷன்ட்’. காய்ச்சல்தான் நமக்கு வந்து போகும். மற்றவை ஆளாகவே ஆகிவிடும். அம்மா பயந்தது அந்தக் காலமில்லாத வாக்கியத்துக்குத்தான். நான் குணமாவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. குணமானேன் என்பதை ஊர் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் சந்தேகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காசநோயாளியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை என்று உலகத்துக்கே நிரூபித்தது நம்முடைய சென்னைதான். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தபோது, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, சானடோரியம் என்பதே பெரும்பாலும் வைத்தியமாக இருந்தது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரே அப்படி வந்ததுதான். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அது வெளியாகி அரை நூற்றாண்டு கழித்து, அதே மாநிலத்தில், என் அம்மா டைபாய்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

இப்போது மனைவியின் கதை. அவளுடைய கதையை நான் சொல்வதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். “உங்களோடதை ஒழுங்கா எழுதினா என்னோடதையும் எழுதிக்கோங்க” என்றாள்.

அவளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை. 1997இல், ஆறு வயதில், நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து மூடினார்கள். நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கிறது. கழுத்து இறங்கிய ஜாக்கெட் போட்டால் அதன் மேல்நுனி தெரியும். அதை அவள் மறைத்ததில்லை. அவளுடைய அம்மாவும் மறைத்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் வந்தார்கள். நான்கு இடமும் தட்டிப்போனது. ஒரு மாப்பிள்ளையின் அம்மா இதய மருத்துவரின் கடிதம் கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு, “எல்லாம் சரிதான், ஆனா டெலிவரி டைம்ல எதாவது ஆச்சுன்னா?” என்று கேட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில், எதிர்காலத்தில் வைத்தியச் செலவு வந்தால் பெண்வீடு பார்த்துக்கொள்ளுமா என்று நேரடியாகவே கேட்டார்கள்.

ஐந்தாவதாக நான் போனேன். அவள் சொன்னாள். நான், “அதனால என்ன?” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், நடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அந்தப் பெரிய மனசை ஆறு வருடங்களாக நான் அனுபவித்துக்கொண்டிருந்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஆறிப்போன ஒரு தழும்பு இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அவளுடைய தழும்பு வெளியே இருந்ததால் அவள் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. என்னுடையது உள்ளே இருந்ததால் நான் பரீட்சை வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் பொய்யில் தப்பில்லை என்று நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். யாருக்கும் தீங்கு வராத பொய்யை வள்ளுவரே மன்னிக்கிறார் என்று சொல்லித் தப்பிக்கலாம். 2008இல் ஊருக்குச் சொன்ன டைபாய்டால் யாருக்கும் தீங்கு வரவில்லை என்பது உண்மைதான். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே நான் யாருக்கும் பரப்ப முடியாதவனாக ஆகியிருப்பேன். ஆனால் அதே பொய் 2019இல் அந்த வரவேற்பறையில் வேறு வேலை செய்தது. அவளை என்னைவிட ஒரு படி கீழே உட்காரவைத்தது. பொய் அப்படியே மாறாமல் இருந்தது. அதை நான் எங்கே எடுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் மாறியது.

*

மெடிக்கல் படிவத்தில் கேள்விகள் பொதுவாகத்தான் இருக்கும். காசநோய் இருந்ததா, சிகிச்சை பெற்றதுண்டா? வீட்டிலோ வேலையிடத்திலோ காசநோய் உள்ளவருடன் நெருங்கிப் பழகியதுண்டா? பெரிய அறுவை சிகிச்சை, நீண்ட நாள் மருத்துவம், மனநலச் சிகிச்சை ஏதாவது? இதயம், சிறுநீரகம், சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய்? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் விவரம். கடைசியில் சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்து. பரிசோதிக்கிற டாக்டர் முடிவெடுப்பதில்லை. கனடா அரசு நியமித்த பட்டியலில் இருப்பவர் அவர். பார்த்ததைப் பதிவேற்றுவதோடு அவர் வேலை முடிந்தது. பதினொரு வயதுக்கு மேல் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே, பதினைந்துக்கு மேல் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை.

விண்ணப்பம் போடுவதற்கு நாங்கள் அமர்த்திய கன்சல்டன்ட் ஒருவர், “நோ போட்டுருங்க சார். எக்ஸ்ரேல வந்தா அப்போ பாத்துக்கலாம்” என்றார். பலருக்கும் இப்படித்தான் சொல்லப்படுகிறது என்று நினைக்கிறேன். இது தவறான யோசனை. தார்மீகத்தை விடுங்கள், சட்டப்படியே தவறு. பழைய, குணமான காசநோய்க்காகக் கனடா யாரையும் நிராகரிப்பதில்லை. கூடுதல் பரிசோதனையும், போய்ச் சேர்ந்த பிறகு கண்காணிப்பும்தான் உண்டு. ஆனால் முக்கியமான தகவலை மறைத்தது தெரிந்தால் தவறான தகவல் கொடுத்தவர் என்று முத்திரை குத்தி ஐந்து வருடம் உள்ளே விடமாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் விழுந்தால் எல்லோரும் விழுவோம். நோயைவிடப் பொய்க்குத் தண்டனை அதிகம் என்பது எனக்கு முதலில் விசித்திரமாகவும் பிறகு நியாயமாகவும் பட்டது.

ஆகவே நான் ‘ஆம்’ என்று சொன்னதில் வீரம் ஒன்றும் இல்லை. காண்ட் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத வாடிக்கையாளரையும் அவர் ஏமாற்றமாட்டார், குழந்தை வந்தாலும் அதே விலைதான். ஆனால் நேர்மையாக இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்பதால் அப்படி இருக்கிறார் என்றால் அதில் தார்மீக மதிப்பு எங்கே இருக்கிறது என்பது காண்டின் கேள்வி. கனடா விஷயத்தில் நான் அந்தக் கடைக்காரன். எக்ஸ்ரே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரியும். மனைவியிடம் எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது. அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை. முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் அனேகமாக இதுதான், இதைவிட நல்ல பதில் கிடைத்தால் எனக்கே நன்றாயிருக்கும்.

*

சித்தப்பாவுக்கு இந்த வாய்ப்பெல்லாம் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் சவுதிக்கு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தார். எக்ஸ்ரேயில் தழும்பு. ‘அன்ஃபிட்’ என்று ஒரு சீட்டு. தனக்கு எப்போதோ டிபி வந்து தானாகவே ஆறியிருக்கிறது என்பது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. வளைகுடா நாடுகளுக்கு இங்கிருந்து எடுக்கும் மெடிக்கலில் ஆறிய தழும்பும் ஆறாத புண்ணும் ஒன்றுதான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் போனது. அவர் சைக்கிள் கடை வைத்து, பிறகு அதையும் மூடினார். இன்றுவரை ஒரு நாள்கூட அந்த நோயால் அவர் படுத்ததில்லை.

எல்லைகளில் உடம்பைப் பார்ப்பது புதிதில்லை. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், 1892இலிருந்து, வரிசையில் படியேறி வருகிறவர்களை டாக்டர்கள் சில விநாடிகள் நோட்டம் விடுவார்கள். சந்தேகம் வந்தால் மேல்சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயம் என்றால் ஓர் எழுத்து, நொண்டினால் வேறோர் எழுத்து, கண் என்றால் இன்னொன்று, புத்தி சரியில்லை என்று தோன்றினால் பெருக்கல் குறி. கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குறியை மறைத்து உள்ளே போனவர்களின் கதைகள் உண்டு. மேற்குக்கரையில் ஏஞ்சல் தீவில் ஆசியர்களுக்கு வேறு நியாயம். 1910இலிருந்து அங்கே கொக்கிப்புழு இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்து, இந்தியர்களையும் சீனர்களையும் தடுத்தார்கள். சில நாள் மருந்தில் போகிற புழு அது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய 1987இல் வந்த தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது.

நமக்கு இன்னும் பக்கத்தில் மண்டபம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை, காலராவும் அம்மையும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று, சில நாட்கள் அடைத்து வைத்துப் பார்த்து, தடுப்பூசி போட்டுக் கப்பலேற்றிய முகாம் அது. பிற்பாடு போருக்குத் தப்பி அந்தப் பக்கமிருந்து படகில் வந்தவர்களை வைத்த அகதி முகாமும் அதுதான். ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது மண்டபம் முகாம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

*

அரசு கேட்கலாமா என்றால், தொற்றைப் பொறுத்தவரை கேட்கலாம் என்றே நினைக்கிறேன். என் இருமலால் இன்னொருவரின் குழந்தைக்கு நோய் வரும் என்றால் அதைக் கேட்க அந்த ஊருக்கு உரிமை உண்டு. ‘இருக்கிறதா’ என்று கேட்டு, ‘இல்லை’ என்று சளியே சொன்னால் விட்டுவிட வேண்டும். சித்தப்பாவுக்கு நடந்தது அந்த இரண்டாம் பாதி இல்லாத நியாயம்.

சிக்கல் கனடா சட்டத்தின் இன்னொரு வரியில் இருக்கிறது. ஒருவருடைய உடல்நிலை நாட்டின் மருத்துவ, சமூகச் சேவைகள் மீது அளவுக்கு மீறிய சுமையாகும் என்று எதிர்பார்க்க நியாயமிருந்தால் அவரை அனுமதிக்க வேண்டாம் என்கிறது அது. தொற்றோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, இது செலவுக் கணக்கு. ஒருவருடைய ஐந்து வருடச் செலவை உத்தேசமாகப் போட்டு, ஒரு வரம்போடு ஒப்பிடுவார்கள். 2018இல் அந்த வரம்பை மூன்று மடங்காக்கி, வருடத்துக்கு 19,965 டாலர் என்று வைத்தார்கள். அதற்கு முன்பு 6,655. 2016இல், கோஸ்டாரிகாவிலிருந்து வந்து டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபெலிப்பே மொன்டோயாவின் குடும்பத்துக்கு நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்டது. காரணம், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகன். எதிர்ப்புக் கிளம்பி, பிறகு மனிதாபிமான அடிப்படையில் அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் என்கிற சிற்றூரில் வேலை பார்த்த ஜெர்மன் டாக்டர் பெர்ன்ஹார்ட் மோலருக்கு 2008இல் இதே காரணத்துக்காக மறுத்தார்கள். டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர் என்றுதான் அவரை அழைத்திருந்தார்கள். கடைசியில் அமைச்சர் தலையிட வேண்டியிருந்தது.

இந்த விதியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் திட்டுவது சுலபம். வரி கட்டுகிறவர்களின் பணத்தில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தருகிற நாடு அது. அங்கே ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர், வரிசையில் இன்னும் யார் சேரலாம் என்று கேட்பதைக் கொடுமை என்று சொல்ல முடியாது. ஓர் அரசியல் சமூகம் தன்னில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பது அதன் அடிப்படை உரிமை என்றார் மைக்கேல் வால்ஸர். பணக்கார நாட்டின் குடியுரிமை என்பது பிரபுக்கள் காலத்துப் பிறப்புரிமை மாதிரிதான் என்று 1987இல் பதில் எழுதினார் ஜோசஃப் கேரன்ஸ். அவர் வேலை பார்த்ததும் டொரண்டோவில்தான். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன்.

ஆனால் அந்தச் சட்டமே தன் கணக்கை முழுதாக நம்பவில்லை. அங்கே இருக்கும் ஒருவர் தன் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ கூப்பிட்டுக்கொண்டால் இந்தச் சுமைக் கணக்கு கிடையாது. அகதிகளுக்கும் கிடையாது. போரிலிருந்து ஓடிப்போய் அகதி அந்தஸ்து பெற்ற ஈழத்தமிழரிடம் உன் டயாலிசிஸுக்கு எவ்வளவு ஆகும் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. என்னைப் போல் படிப்பையும் சம்பளத்தையும் காட்டி வருகிறவனிடம்தான் கேட்கிறது. அதுகூட ஒருவகையில் சரிதான். நான் என்னை லாபமாகக் காட்டித்தான் விண்ணப்பித்தேன். வயசுக்கு இத்தனை புள்ளி, ஆங்கிலத்துக்கு இத்தனை புள்ளி என்று விற்றுக்கொண்டவன், வாங்குகிறவன் பழுது பார்க்கிறான் என்று கோபித்துக்கொள்ள முடியாது. உறுத்துவது வேறு. என் மகளுக்கு ஒரு குறை இருந்திருந்தால், அவள் எந்தப் புள்ளிக்கும் விண்ணப்பிக்கவில்லையே? நான் போட்ட வியாபாரத்தில் அவளை ஏன் எடை போட வேண்டும்?

2005இல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலெவிட்ஸ் என்பவரின் வழக்கில், நோயின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதே, ஆளைப் பார், குடும்பத்தின் சூழலைப் பார் என்றது. வசதியுள்ள குடும்பம் மகனின் தேவைகளைத் தன் செலவில் பார்த்துக்கொள்ளும் என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான், ஆனால் இதைப் படித்தபோது எனக்கு அந்த இன்னொரு மாப்பிள்ளை வீடு ஞாபகம் வந்தது. வைத்தியச் செலவைப் பெண்வீடு பார்த்துக்கொள்ளுமா?

ஒட்டாவாவை அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியாமல் என்னைத் தடுப்பது அதுதான். நாம் கூடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி வைத்துக்கொண்டு செய்வதை அவர்கள் விதி எண் போட்டுச் செய்கிறார்கள். விதி எண் போட்டதால் அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது, வரம்பை மூன்று மடங்காக்க வைக்க முடிந்தது, சிறப்புக் கல்விச் செலவைக் கணக்கிலிருந்து நீக்க வைக்க முடிந்தது. தட்டிப்போன அந்த நான்கு வீடுகளின் மேல் என் மனைவி எங்கே போய் அப்பீல் செய்வாள்? மாப்பிள்ளை வீட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க எந்தச் சட்டம் சொல்கிறது?

சூசன் சான்டாக் 1978இல், நோயை உருவகமாக்காதீர்கள், நோய் நோய் மட்டும்தான் என்று வாதாட ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு பெரிய பகுதி காசநோயைப் பற்றியதுதான். அந்தப் புத்தகத்தையே அவர் பாஸ்போர்ட், குடியுரிமை என்கிற உருவகத்தோடுதான் தொடங்குகிறார். எனக்கு அது உருவகமாகப் படவில்லை, கிளினிக்கில் டோக்கன் போட்டு அழைத்த வரிசையாகவே பட்டது.

*

மெடிக்கல் அன்றைக்கு அவள் ஒரு மஞ்சப்பையில் தன் ஃபைலைக் கொண்டுவந்திருந்தாள். 1997ஆம் வருடத்து டிஸ்சார்ஜ் சம்மரி, தட்டச்சு எழுத்துகள் மங்கிப்போனது. மூன்று எக்கோ அறிக்கைகள். பிரசவ நேரத்தில் இதய மருத்துவர் கொடுத்த கடிதம். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். எல்லாம் அவளுடைய அம்மா சேர்த்து வைத்தது. என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. என் அம்மா அதை எரித்திருந்தாள்.

கேள்விகளைக் கேட்டுக் கணினியில் ஏற்றிய நர்ஸ் எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்திருந்தார். டிபி கேள்வி வந்தது. “இருந்தது” என்றேன். வருஷம், எத்தனை மாதம், என்ன மருந்து, எங்கே. ரெக்கார்ட்ஸ் இருக்கிறதா? இல்லை. “எரிஞ்சு போச்சு” என்றேன். “எரிச்சிட்டாங்க” என்று மனைவி திருத்தினாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தார்.

அவளுக்குப் புதிதாக ஓர் எக்கோவும் இதய மருத்துவரின் கடிதமும் கேட்டார்கள். பத்து நாளில் முடிந்தது. என் எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதியில் நார்க்கோடுகள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் வெறும் வயிற்றில் சளி கொடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் வளர்ப்புச் சோதனையும் செய்வார்கள். முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் நான் இருமினாலே மனைவி திரும்பிப் பார்ப்பாள். அது பயமா கரிசனமா என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் மகள் என் தம்ளரில் மீதியிருந்த பாலைக் குடித்தாள். நான் தடுக்கப் போனேன். மனைவி, “விடுங்க, அதெல்லாம் ஒண்ணும் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள்.

சளி சுத்தம். என் பெயருக்கு எதிரே மருத்துவக் கண்காணிப்பு என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்கள். போய் இறங்கி முப்பது நாளுக்குள் அங்கிருக்கும் பொது சுகாதாரத் துறையைத் தொடர்புகொள்ள வேண்டும். அவளுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. நெஞ்சில் கோடு உள்ளவள் சும்மா நடந்து போகலாம், கோடு இல்லாதவன் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொல்லி அவள் ஒரு தடவை சிரித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்த விஷயத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். “அவ வீட்ல தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அப்ப டைபாய்டாவே இருக்கட்டும்” என்றாள்.

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், ஸ்பீக்கரில் கேட்டது. “எங்க அப்பா அன்னிக்கு உங்க கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார் இல்ல? அவர்கிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய் வந்துவிட்டோம். இரண்டு முறையும் மாமனார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டார். மாமியார் ஃபைல்களை இன்னும் புதிய உறைகளில் மாற்றி, கனடாவுக்கு எடுத்துப் போக என்று கட்டி வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரை வெளியாவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. டிக்கெட் போட்டிருக்கிறேன்.